இரண்டு நிமிடம் பதினான்கு

அக்டோபர் 6, ஞாயிறு

ஓடும் நேரத்தையெல்லாம் எழுதிவைக்க வேண்டும் என்று மைதானத்துக்கு ஓட வரும் ஜெபராணி சொல்லியிருக்கிறாள். எழுதினால்தான் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியுமாம். அலுவலகத்தில் கொடுத்த டைரி ஒன்று ஜனவரியிலிருந்து சும்மா கிடந்தது. அதை எடுத்துக்கொண்டேன்.

எந்த வரைபடத்திலும் கீழ்மூலையில் விவரக்கட்டம் போட்டுப் பழகியவன் நான். இதற்கும் போட்டுவிடுகிறேன். குற்றாலிங்கம், ஐம்பத்தொரு வயது, குடிநீர்த் திட்ட அலுவலகத்தில் வரைவாளர். ஆவுடைநாயகி, என் மனைவி, நாற்பத்து நான்கு. பதினைந்து வருடம் பெண்கள் பள்ளியில் கணக்கு எடுத்தவள். விழித்திரை நோய். முதலில் இரவில் தெரியாமல் போயிற்று, பிறகு ஓரங்கள் போயின. இப்போது மூன்று வருடமாக வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் தெரியும். இருவரும் ஓடத் தொடங்கி இரண்டு வருடம் மூன்று மாதம். ஒரு ஷூ லேஸின் ஒரு முனை என் இடது கையில், மறுமுனை அவள் வலது கையில். பத்து கிலோமீட்டர் ஓட எங்களுக்கு ஒரு மணி பதினாறு நிமிடம் ஆகிறது.

இன்று பாளையங்கோட்டையில் நடந்த ஓட்டத்திலும் நாங்கள்தான் கடைசி. பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பதக்கம் கொடுத்தார்கள், கை தட்டினார்கள். வீட்டுக்கு வரும் வழியில் ஆவுடை சொன்னாள்:

“ஆறாவது கிலோமீட்டர்லருந்து அந்த ஆம்புலன்ஸ் நம்ம பின்னாலயே வந்துச்சு. கடைசி ஆளுக்குப் பின்னாலதான் அது வருமாம். ஒரு தடவையாவது அந்தச் சத்தம் கேக்காம ஓடணும்.”

இதை ஜெபராணியிடமும் சொல்லியிருப்பாள் போல. சாயங்காலம் அவளே வந்தாள். முப்பத்து நான்கு வயது, மருந்துக்கடையில் வேலை. பத்து கிலோமீட்டரை ஐம்பத்தைந்து நிமிடத்தில் ஓடுகிறவள்.

“அண்ணாச்சி, நீங்க ரெண்டு பேரும் தெனமும் ஒரே வேகத்துல ஓடுதிய. ஒடம்பு அதுக்குப் பழகிப்போச்சு. வாரத்துல ஒருநா, ஒரே ஒருநா மட்டும், ஒரு சுத்து வேகமா ஓடணும். அப்புறம் அரைச்சுத்து நடக்கணும். மறுபடி ஒரு சுத்து வேகமா. இப்படி ஆறு தடவ. இன்டர்வல்னு சொல்லுவாங்க. நாலு மாசம் செஞ்சியன்னா, பிப்ரவரி ஓட்டத்துல பாருங்க.”

செவ்வாய்க்கிழமை என்று முடிவாயிற்று.

அக்டோபர் 8, செவ்வாய்

காலை ஐந்தேகால். கல்லூரி மைதானம். ஒரு சுற்று நானூறு மீட்டர்.

2:31, 2:34, 2:38, 2:44, 2:49, 2:55.

முதல் சுற்றில் ஆர்வக்கோளாறு. கடைசிச் சுற்றில் என் மூச்சு எனக்கே பயமாக இருந்தது. வளைவு வருகிறது, நேர்ப்பாதை வருகிறது, இடப்பக்கம் தண்ணீர் தேங்கியிருக்கிறது என்று நான் சொல்லிக்கொண்டே ஓட வேண்டும். மூச்சு போனால் பேச்சு போய்விடுகிறது. நான்காவது சுற்றில் வளைவைச் சொல்லத் தவறினேன். அவளே கயிற்றின் இழுப்பை வைத்துத் திரும்பிக்கொண்டாள்.

முடிந்ததும் நான் புல்லில் உட்கார்ந்துவிட்டேன். அவள் நின்றபடி என்னிடம் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அவளுக்கு அவ்வளவாக மூச்சு வாங்கவில்லை.

அக்டோபர் 15, செவ்வாய்

மழை. மைதானத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். ஓடவில்லை.

மாவு தீர்ந்துவிட்டது என்று ஆவுடை அரிசி ஊறப்போட்டாள். உளுந்து வாங்க மார்க்கெட் போனேன். எதிரே ஆவுடை வேலை பார்த்த பள்ளியின் தலைமையாசிரியை குடையோடு வந்துகொண்டிருந்தார். நான் பாத்திரக்கடைச் சந்தில் திரும்பி, சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஆவுடையிடம் சொல்லவில்லை. சொல்லும்படி அதில் ஒன்றும் இல்லை.

அக்டோபர் 22, செவ்வாய்

2:38, 2:37, 2:38, 2:39, 2:38, 2:37.

ஜெபராணி சொன்னது இப்போதுதான் புரிகிறது. முதல் சுற்றை எந்த நேரத்தில் ஓடுகிறோமோ அதே நேரத்தில் கடைசிச் சுற்றையும் ஓட வேண்டும். அப்படி ஓட முடிகிற வேகம்தான் நம் வேகம். நேர்கோடு போட்ட மாதிரி இந்த ஆறு எண்களும் இருப்பதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

நேரங்களைச் சொன்னேன். ஆவுடை விரல்விட்டுக் கூட்டி, வகுத்து, “சராசரி ரெண்டு முப்பத்தெட்டு” என்றாள். எனக்கு முன்னால் சொல்லிவிட்டாள்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. மகள் கோவையிலிருந்து வந்திருக்கிறாள். ஓட்டம் இல்லை. அம்மா மெலிந்துவிட்டாள் என்றாள். “மெலியல, இறுகியிருக்கேன்” என்றாள் ஆவுடை.

நவம்பர் 5, செவ்வாய்

2:31, 2:30, 2:31, 2:30, 2:31, 2:32.

மூன்றாவது சுற்று முடிந்ததும் ஆவுடை, “இன்னும் கொஞ்சம் போலாமா?” என்றாள்.

“இதுக்கு மேல போகக்கூடாது. பிளான்ல இவ்வளவுதான் இருக்கு.”

திட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. கயிறு இன்று பல இடங்களில் முன்பக்கமாக இறுகியது. வழக்கமாக அது தொய்ந்திருக்கும். கயிறு சுருங்கியிருக்கலாம், மாற்ற வேண்டும்.

நவம்பர் 12, செவ்வாய்

2:29, 2:28, 2:29, 2:30. ஐந்தாவதில் பாதிச் சுற்றில் என் வலது கெண்டைக்காலில் யாரோ கல்லால் அடித்த மாதிரி இருந்தது. நின்றுவிட்டேன். ஜெபராணி தன் ஓட்டத்தை முடித்துவிட்டு அப்போதுதான் பையை எடுத்துக்கொண்டிருந்தாள். ஓடி வந்து காலை அமுக்கிப் பார்த்து, தசை பிடித்துக்கொண்டது, மூன்று வாரம் ஓடக் கூடாது என்றாள்.

“ஒரு சுத்து பாக்கி இருக்கு” என்றாள் ஆவுடை.

“நான் வாரேன்க்கா” என்று ஜெபராணி கயிற்றை வாங்கிக்கொண்டாள். நான் கோட்டருகே ஸ்டாப்வாட்சோடு உட்கார்ந்தேன்.

ஆவுடை ஓடுவதை நான் இதற்கு முன்பு வெளியிலிருந்து பார்த்ததே இல்லை. பக்கத்தில் இருக்கும்போது தோளும் மூச்சும்தான் தெரியும். தூரத்து வளைவில் அவள் தலை ஆடவில்லை. முழங்கால் உயர்ந்து வந்தது. எங்கள் பள்ளி நாட்களில் ஓட்டக்காரப் பிள்ளைகள் இப்படித்தான் ஓடுவார்கள்.

2:14.

“எவ்வளவுங்க?” என்று கேட்டாள். முகமெல்லாம் வேர்வை.

கண்ணாடியைத் துண்டால் துடைத்தேன். “ரெண்டு இருவத்தஞ்சு.”

“அப்படியா” என்றாள்.

நவம்பர் 13, புதன்

கால் வலி. ஐஸ் வைத்தேன். அலுவலகத்துக்கு ஆட்டோ.

நவம்பர் 19, செவ்வாய்

ஓடியவள் ஆவுடை. கூட ஜெபராணி.

2:16, 2:15, 2:14, 2:15, 2:14, 2:12.

சொன்னவை: 2:27, 2:26, 2:25, 2:26, 2:26, 2:25.

குறிப்பேட்டில் சரியான அளவு இருக்க வேண்டும். அது வேலையில் வந்த பழக்கம்.

அவளை அதிகம் உற்சாகப்படுத்தினால் உடம்பை வருத்திக்கொள்வாள். காயம் பட்டால் யார் பார்ப்பது? எனக்கே இந்தக் கதி.

நவம்பர் 26, செவ்வாய்

2:13, 2:13, 2:14, 2:12, 2:13, 2:11.

சொன்னதை எழுதவில்லை.

ஜெபராணி என்னைத் தனியாக நிறுத்திக் கேட்டாள். “அண்ணாச்சி, ஸ்டாப்வாட்ச் சரியா ஓடுதா? எனக்கு ரெண்டேகாலுக்குள்ள வந்த மாரி இருக்கு.”

“பழசு. பேட்டரி மாத்தணும்.”

“நான் என் போன்ல பாக்கட்டா?”

“வேண்டாம், கயித்தப் பிடிச்சுக்கிட்டு போனையும் பிடிக்க முடியாது.”

அவள் என் கையிலிருந்த ஸ்டாப்வாட்சைப் பார்த்துவிட்டு, சரி என்று போய்விட்டாள்.

டிசம்பர் 3, செவ்வாய்

கால் சரியாகிவிட்டது. இன்று நானே கூட ஓடினேன். 2:30, 2:29, 2:30, 2:31, 2:32, 2:32.

கயிறு முழுக்க முன்பக்கமாகவே இறுகியிருந்தது. நான் வளைவு என்றேன், நேர் என்றேன். அவளுக்கு அந்த மைதானத்தில் என் குரல் இப்போது தேவையில்லை என்று பட்டது.

பிப்ரவரி 2-ஆம் தேதி ஓட்டத்துக்குப் பெயர் பதிந்தாயிற்று. வழித்துணை ஓடுபவர் பெயர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். ஆவுடையிடம் கேட்டுத்தான் எழுதினேனா என்று ஜெபராணி போனில் கேட்டாள். இதில் கேட்க என்ன இருக்கிறது?

டிசம்பர் 10, செவ்வாய்

2:28, 2:27, 2:27, 2:29, 2:30, 2:31.

முடிந்து படிக்கட்டில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தோம். விடிந்துவிட்டது. நடைப்பயிற்சிக்காரர்கள் வரத் தொடங்கியிருந்தார்கள்.

“ஒண்ணு கேக்கேன்” என்றாள். “இன்னைக்கு மூணாவது சுத்து எவ்வளவு?”

“ரெண்டு இருவத்தேழு.”

“சரி. அதுல நான் வச்சது நானூத்திப் பதினாறு அடி. ஜெபராணிகூட மொத நா ஓடுனேன்லா, நீங்க ரெண்டு இருவத்தஞ்சுன்னு சொன்னது. அது முன்னூத்தி எம்பது அடி.”

நான் லேஸை அவிழ்த்துக்கொண்டே இருந்தேன்.

“என் கால் ஒரு நிமிசத்துக்கு நூத்தி எழுவது அடி வைக்கும். வேகமாப் போனா ஒவ்வொரு எட்டுந்தான் நீளும், நிமிசக் கணக்கு பெருசா மாறாது. போன்ல மணி சொல்லச் சொல்லி எத்தனையோ தடவ எண்ணிப் பாத்துருக்கேன். முன்னூத்தி எம்பத நூத்தி எழுவதால வகுத்தா ரெண்டேகால் கூட வராது.”

“மொத நாளே தெரியுமா?”

“மொத நாளே.”

“ஏன் கேக்கல?”

“நீங்களே சொல்லுவியன்னு இருந்தேன். நாலு வாரம்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் பாடம் நடத்துகிற குரலில்தான் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். கண் என் தோளுக்கு மேலே எங்கோ இருந்தது.

“இது ஓட்டம். போகட்டும். இந்த மூணு வருசமா என் கண்ணு நீங்கதான். லெட்டர் வந்தா நீங்க வாசிக்கிய. மாத்திர அட்டைய நீங்க வாசிக்கிய. நான் கட்டியிருக்க சீலை என்ன நெறம்னு நீங்க சொல்லுதிய. இதுல எதெல்லாம் இருவத்தஞ்சு, எதெல்லாம் பதினாலு?”

“வேற எதுவும் இல்ல, ஆவுடை.”

“சத்தியமா?”

“வேற எதுவும் இல்ல.”

எழுந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். வீடு வரை பிடித்துக்கொண்டுதான் வந்தாள். வேறு வழியில்லாமல் பிடிக்கிற பிடி அது.

டிசம்பர் 12, வியாழன்

வழித்துணைப் பெயரை மாற்றச் சொல்லி ஜெபராணியிடம் சொல்லிவிட்டாள். என் பெயரைத் தனியாகப் பதியச் சொல்லியிருக்கிறாள். “நீங்களும் ஓடுங்க. ஒங்க கால்ல ஓடுங்க” என்றாள்.

மருந்துக்கடைக்கு மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போயிருக்கிறாள். பக்கத்து வீட்டு அம்மா கூடப் போனார்களாம். ஜெபராணி ஒவ்வொன்றாகத் தேதி பார்த்துச் சொல்லியிருக்கிறாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தன. அதை என்னிடம் வந்து சொல்லவும் செய்தாள். “எல்லாம் சரியாத்தான் இருக்கு” என்று.

டிசம்பர் 14, சனி

இதை யாரும் வாசிக்கப் போவதில்லை. ஆனாலும் எழுதக் கை வரவில்லை. மூன்று தடவை மூடிவைத்துவிட்டு மறுபடி திறந்திருக்கிறேன்.

இரண்டரை வருடத்துக்கு முன்பு ஒரு ஜூன் மாதம். பள்ளி திறந்த வாரம். மாலையில் தலைமையாசிரியை போன் செய்தார். ஆவுடையின் போன் அப்போது பழுதாகிக் கிடந்ததால் என் எண்ணுக்கு வந்தது. டீச்சர் இல்லாமல் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள், கரும்பலகையில் எழுத ஒரு உதவியாளரைப் போடலாம், டீச்சருக்குக் கணக்கெல்லாம் மனதிலேயே இருக்கிறது, சொல்லிக்கொடுத்தால் போதும், நிர்வாகத்தில் பேசிவிட்டேன், வருவார்களா என்று கேட்டார்.

“இல்ல மேடம். அவளால இப்ப முடியாது. மனசு அந்த நெலையில இல்ல. தயவுசெஞ்சு அவகிட்டயும் இதப்பத்திக் கேக்காதீங்க, வருத்தப்படுவா” என்றேன்.

அதற்கு முந்தின மாதம்தான் அவள் மாடிப்படியில் விழுந்து முன்பல் உடைந்திருந்தது. நாற்பது பிள்ளைகள் முன்னால் தடுமாறி நின்றால், யாராவது சிரித்தால், தாங்குவாளா என்று நினைத்தேன். அது உண்மை. காலையில் வீட்டில் விட்டுவிட்டுப் போனால் மாலையில் வந்து பார்க்கும்போது அதே நாற்காலியில் எனக்காகக் காத்திருப்பாள் என்பதில் எனக்கொரு நிம்மதி இருந்தது. அதுவும் உண்மை.

அடுத்த மாதம்தான் அவளை மைதானத்துக்கு அழைத்துப் போனேன். லேஸை வாங்கி இரண்டு பக்கமும் வளையம் போட்டவன் நான்தான். எல்லோரும் என்னை நல்ல மனுஷன் என்றார்கள். நானும் நம்பினேன்.

டிசம்பர் 17, செவ்வாய்

மைதானத்தில் அவர்கள் முன்னால் ஓடினார்கள். நான் அரைச்சுற்றுப் பின்னால் தனியாக.

என் நேரம்: 2:34, 2:36, 2:35, 2:37, 2:38, 2:38. கையில் கயிறு இல்லாததால் இடது கை எங்கே போவதென்று தெரியாமல் ஆடியது.

அவள் நேரத்தை ஜெபராணி போனில் பார்த்துச் சொல்கிறாள்.

டிசம்பர் 22, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

காலைச் சாப்பாடு முடிந்து அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து, “அன்னைக்கு வேற எதுவும் இல்லன்னு சொன்னேன். ஒண்ணு இருக்கு” என்றேன். மடிப்பதை நிறுத்தவில்லை. முழுவதும் சொன்னேன். தலைமையாசிரியை பெயரைச் சொன்னதும்தான் அவள் கை நின்றது.

“அவங்க கேட்டத அப்படியே சொல்லுங்க. நீங்களாச் சுருக்க வேண்டாம்.”

நினைவிருந்தவரை சொன்னேன்.

“கணக்கெல்லாம் மனசுலயே இருக்குன்னு சொன்னாங்களா?”

“ஆமா.”

“நீங்க சொன்னதையும் சொல்லுங்க.”

அதையும் சொன்னேன். அவள் மெதுவாக ஒரு துண்டை நான்காக மடித்தாள்.

“நான் அப்பம் எங்க இருந்தேன்?”

“அடுக்களையில. வெங்காயம் உரிச்சிட்டு இருந்த.”

“கூப்பிட்டா கேக்குற தூரம்.”

“ஆமா.”

“யார் போன்லன்னு நான் கேட்டனா?”

“கேட்ட. ஆபீஸ்லருந்துன்னு சொன்னேன்.”

மடித்த துண்டை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: “ஸ்கூல்லருந்து ஒருத்தருமே ஒரு வார்த்த கேக்கலியேன்னு அந்த வருசம் முழுக்க நெனச்சுக்கிட்டே இருந்தேன். பதினஞ்சு வருசம் இருந்துட்டு, கண்ணு போனதும் நான் ஒண்ணுமில்லாமப் போயிட்டேன்னு நெனச்சேன். ஓடும்போது கூட அதத்தான் நெனப்பேன். நீங்க பக்கத்துல மூச்சு வாங்கிக்கிட்டு ஓடி வந்திய. இவுக ஒருத்தராவது இருக்காகளேன்னு நெனச்சேன்.”

மடித்த துணியை அலமாரியில் வைக்கப் போனாள். கதவு எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் இன்று விளிம்பில் தோளை இடித்துக்கொண்டாள். நான் எழுந்தேன். “இருங்க” என்றாள். உட்கார்ந்துவிட்டேன்.

டிசம்பர் 23, திங்கள்

பேசவில்லை.

டிசம்பர் 27, வெள்ளி

உப்பு தீர்ந்துவிட்டது என்றாள். வாங்கி வந்தேன்.

டிசம்பர் 31, செவ்வாய்

2:33, 2:33, 2:34, 2:33, 2:34, 2:35.

யாரையும் கவனிக்க வேண்டியதில்லை என்றால் ஓட்டம் எளிதாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. கவனிக்க என் மூச்சு மட்டும்தான் இருக்கிறது. வேகச் சுற்றில் வேறெதையும் யோசிக்க முடிவதில்லை. நடக்கிற அரைச்சுற்றில்தான் எல்லாம் வந்து சேர்ந்துகொள்கின்றன. அடுத்த சுற்று எப்போது வரும் என்று இருக்கிறது.

ஜனவரி 7, செவ்வாய்

இன்று எட்டுச் சுற்று. ஜெபராணியின் போனில் சார்ஜ் இல்லை. “அண்ணாச்சி நேரம் பாக்கட்டும்க்கா” என்றாள். ஆவுடை கொஞ்சம் யோசித்து, சரி என்றாள்.

2:10, 2:10, 2:09, 2:10, 2:11, 2:10, 2:09, 2:07.

ஒவ்வொன்றையும் உரக்கச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் அவள் உதடு அசைந்தது. வகுத்துப் பார்க்கிறாள். எட்டாவது முடிந்ததும், “சரியா இருக்கு” என்றாள். ஜெபராணியிடம் சொன்னாளா, என்னிடமா, தெரியவில்லை.

நான் தாமதமாகத் தொடங்கி ஆறு ஓடினேன். 2:31-க்குக் குறைய ஒன்றும் வரவில்லை. அதுதான் என் அளவு போலிருக்கிறது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். மகள் வந்திருக்கிறாள். என்ன நடந்தது என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறாள் போல. என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கரும்பை வெட்டிக் கொடுத்தால் வாங்கிக்கொண்டாள்.

ஜனவரி 21, செவ்வாய்

சாயங்காலம் ஆவுடை, “ஓட்டம் முடியட்டும். அதுக்கு மறுநா ஸ்கூலுக்குப் போணும். நீங்களும் வாரிய” என்றாள்.

“நான் எதுக்கு?”

“நீங்க சொன்னத நீங்கதான் மாத்திச் சொல்லணும்.”

பிப்ரவரி 2, ஞாயிறு

காலை ஆறே முக்காலுக்குத் தொடங்கியது. ஏறக்குறைய நானூறு பேர். ஆவுடையும் ஜெபராணியும் முன்வரிசையில். நான் பின்னால். துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் ஆவுடையின் மஞ்சள் பனியன் கொஞ்ச தூரம் தெரிந்தது. முதல் திருப்பத்துக்குப் பிறகு தெரியவில்லை.

இரண்டாவது கிலோமீட்டர் தாண்டியபோது பக்கத்தில் ஓடிய ஒருவர் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் கவனித்தேன். “வேகத்தடை, மூணு, ரெண்டு, ஒண்ணு” என்று நான் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு ஓடியிருக்கிறேன். “இடப்பக்கம் பள்ளம்” என்றும் சொல்லியிருக்கிறேன். என் இடது கை விலாவோடு ஒட்டாமல் ஓர் ஆளுக்கு இடம்விட்டே ஆடிக்கொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டேன். அரை கிலோமீட்டர் போயிருக்கும், மறுபடி சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு அடக்கவில்லை. வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே போனேன். எதிர்வெயில், பெட்ரோல் பங்கு, மரநிழல், வலது வளைவு. அந்த மனிதர் வேகத்தைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

எட்டாவது கிலோமீட்டரில் கால் கனத்தது. ஒரு சுற்று, இன்னும் ஒரே ஒரு சுற்று என்று மைதானத்தை நினைத்துக்கொண்டேன். ஐந்து தடவை அப்படி நினைத்ததும் முடிவுக்கோடு வந்துவிட்டது.

நான்: 1:12:20.

ஆவுடை: 1:03:52.

நான் வந்தபோது அவள் நாற்காலியில் உட்கார்ந்து வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நேரத்தை ஜெபராணிதான் சொன்னாள். “அண்ணாச்சி, கடைசி ஒரு கிலோமீட்டர் அக்காதான் என்னைய இழுத்துட்டு வந்தாங்க.”

“பின்னால ஒரு சத்தமும் இல்ல” என்றாள் ஆவுடை. “முன்னால ஆளுங்க மூச்சு வாங்குத சத்தந்தான் கேட்டுச்சு. ஒவ்வொருத்தரா பக்கத்துல வந்து, பின்னால போச்சு.”

“நல்லா ஓடின” என்றேன். நான் ஓடி முடித்த விதத்தை அவள் கேட்கவில்லை. மிச்சமிருந்த பாதிப் பழத்தை என் பக்கம் நீட்டினாள். வாங்கிச் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 3, திங்கள்

அரை நாள் விடுப்பு. பள்ளிக்குப் போனோம். வாசலிலிருந்து அலுவலக அறை வரை எத்தனை படி, எங்கே தூண் என்று ஆவுடைக்கு நினைவிருந்தது. என் முழங்கையைப் பெயருக்குத்தான் பிடித்திருந்தாள்.

தலைமையாசிரியை எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “ஆவுடை டீச்சர்” என்றார்.

“மேடம், இவுக ஒண்ணு சொல்லணும்” என்றாள் ஆவுடை.

இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள்.

“அன்னைக்கு நீங்க போன் பண்ணுனப்போ, அவளால முடியாதுன்னு சொன்னேன். நான் அவகிட்டக் கேக்கவே இல்ல மேடம். நீங்க கூப்பிட்டதே அவளுக்குப் போன டிசம்பர்லதான் தெரியும்.”

தலைமையாசிரியை என்னையே பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. “நானும் நேர்ல வந்து கேட்டிருக்கணும்” என்று ஆவுடையிடம் சொன்னார். “அவர் சொன்னத அப்படியே எடுத்துக்கிட்டேன். உங்ககிட்டக் கேக்கணும்னு தோணல பாருங்க.”

அந்த இடம் நிரப்பப்பட்டுவிட்டது. இப்போது காலி இல்லை. ஜூனில் என்ன ஆகும் என்று அவரால் உறுதி சொல்ல முடியவில்லை. ஆனால் பத்தாம் வகுப்பில் பதினான்கு பிள்ளைகள் கணக்கில் தேறாமல் இருக்கிறார்கள், பொதுத்தேர்வுக்கு இரண்டு மாதம்கூட இல்லை, பள்ளி முடிந்ததும் மூன்றரையிலிருந்து நாலரை வரை எடுக்க முடியுமா என்று கேட்டார்.

“முடியுமான்னு எனக்கே தெரியல மேடம்” என்றாள் ஆவுடை. “ஒரு வாரம் எடுத்துப் பாக்கேன். முடியலன்னா நானே வந்து சொல்லுதேன்.”

பிப்ரவரி 4, செவ்வாய்

ஓட்டத்துக்குப் பிறகு ஒரு வாரம் ஓய்வு எடுக்க வேண்டும் என்று ஜெபராணி சொல்லியிருக்கிறாள். ஐந்து மணிக்கு விழிப்பு வந்துவிட்டது. ஆவுடையும் விழித்துத்தான் இருந்தாள். படுத்தபடியே ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். இருபடிச் சமன்பாடு.

பிப்ரவரி 5, புதன்

அலுவலகத்தில் சொல்லிவிட்டு மூன்று மணிக்கே வந்து பள்ளியில் கொண்டுவிட்டேன். வகுப்பு வாசலில் என் கையை விட்டாள்.

“நாலரைக்கு வாங்க. அதுக்கு முன்னால வேண்டாம். வராண்டாவுல நின்னு கேக்கவும் வேண்டாம்.”

“சரி.”

வெளியே வந்து தேநீர்க் கடையில் உட்கார்ந்தேன். செய்தித்தாளை இரண்டு தடவை வாசித்தேன். அவளைப் பார்த்து யாராவது சிரித்தார்களா, கரும்பலகையில் எழுதுகிற பிள்ளை ஒழுங்காக எழுதுகிறதா, எதுவும் தெரியவில்லை. கடைக்காரர் இன்னொரு தேநீர் வேண்டுமா என்றார். வேண்டாம் என்றேன்.

நாலரைக்குப் போனேன். நாலே நாற்பதாயிற்று. பிள்ளைகள் இரண்டு இரண்டு பேராக வெளியே வந்தார்கள். நாலே முக்காலுக்கு ஆவுடை ஒரு மாணவியின் தோளைப் பிடித்தபடி படியிறங்கி வந்தாள். முன்கையெல்லாம் சாக்பீஸ் பொடி. அந்தப் பெண் ஏதோ கேட்க, ஆவுடை படியிலேயே நின்று விரலால் காற்றில் எழுதிக் காட்டத் தொடங்கினாள். வர்க்கமூலத்துக்கு அடியில் எது வரும், குறி எங்கே மாறும் என்று. அந்தப் பெண் தலையாட்டினாள். பிறகு டீச்சருக்குக் கண் தெரியாது என்று நினைவு வந்து, “புரியுது டீச்சர்” என்று சொன்னாள்.

“புரிஞ்சா நீ சொல்லு பாப்பம். மொதல்லருந்து.”

நான் தொண்டையைச் செருமினேன். ஆவுடை தலையை என் பக்கம் லேசாகத் திருப்பினாள்.

“வந்துட்டியளா? கொஞ்சம் இருங்க.”

இருந்தேன்.